இறால் ஆகாத யோசப்பின்

குருநகர் யாகோப்புவின் வலையில் இறால் வந்து விழுகிற விழுகையைப் பார்த்து, "உவன் கடலுக்கை ஏதோ வசிய மருந்து போட்டிருக்கிறான்" என்று கரையில் நிற்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட யாகோப்புவின் மூத்த மகள் யோசப்பினுக்கு இறால் ஆகாது.

பால்பல் விழாத வயதில் ஒரு பொரித்த இறாலைக் கடித்தாள். சோறு தின்று முடிவதற்குள் உதடு தடித்தது, கண் இரண்டும் முகத்துக்குள் புதைந்து காணாமல் போயின, உடம்பெல்லாம் சிவந்து தடிப்புத் தடிப்பாய் எழும்பியது. அயலில் சிலர் கிரந்தி என்றார்கள், சிலர் கண்பட்ட நாவூறு என்றார்கள். தாய் லூர்த்தம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். நேர்த்தி பலித்துவிட்டதா என்று பார்க்க அடுத்த வருசம் இன்னொரு இறாலைக் கொடுத்துப் பார்த்தாள். பலிக்கவில்லை.

"கடவுளுக்கும் பகிடி விட ஆள் தேவைப்பட்டிருக்கு. என்ரை பிள்ளையைப் பிடிச்சிருக்கிறார்" என்றார் யாகோப்பு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யோசப்பினுக்கு மீன் மட்டும்தான். ஆனால் விசயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று லூர்த்தம்மா கட்டளை போட்டிருந்தாள். "குமர்ப்பிள்ளையடி நீ. ஆரும் அறிஞ்சால் வருத்தக்காறி, நோயாளி எண்டு பேர் வைச்சுப்போடுவினம்."

யோசப்பின் படித்து, டொக்டர் கிறிஸ்துநாயகத்தின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். டொக்டர் மருந்துத் துண்டு எழுதுவார். அவள் யன்னலுக்குள்ளே நின்று மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படிப் பாவிக்க வேண்டும் என்று சொல்லுவாள். அவள் சிரித்தால் பஸ் தரிப்பில் நிற்பவர்களுக்கும் கேட்கும். சிரிப்பதற்கு அந்த யன்னலில் குறைவே இல்லை.

எல்லாவற்றிலும் அவளைப் பாடாய்ப் படுத்தியது கடிக்கு, அரிப்புக்குக் கொடுக்கிற அந்தச் சின்ன மஞ்சள் குளிசைதான். உடம்பு தடித்து ஊறினால் டொக்டர் அதைத்தான் எழுதுவார். நல்ல குளிசை. ஆனால் போட்டால் நித்திரை தூக்கும். "போட்டிட்டுச் சைக்கிள் ஓடாதேங்கோ, வள்ளத்திலை ஏறாதேங்கோ, கள்ளுக் குடியாதேங்கோ, உங்களுக்குத் தந்ததை மற்ற ஆக்களுக்குக் குடாதேங்கோ" என்று அவள் ஒவ்வொருவருக்கும் சொல்லுவாள். ஒவ்வொருவரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார்கள். பிறகு பார்த்தால், ஒருவர் தன் குளிசையைப் பக்கத்து வீட்டுக்காரரின் இருமலுக்குக் கொடுத்திருப்பார். ஒரு பெண், தான் நிம்மதியாகப் பூசை காணவேண்டும் என்று துடியாட்டக்காரப் பிள்ளைக்குக் கரைத்துப் பருக்கியிருப்பாள். அதற்கு மட்டும் யோசப்பின் சிரிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே வந்து ஏசினாள்.

அப்படி இருக்கையில்தான் எண்பத்தாறாம் ஆண்டு கோயில் திருநாளுக்குக் கூத்துப் போட்டார்கள். சண்டை நடந்ததால் இரவில் சனம் கூட ஏலாத காலம் என்பதால் பின்னேரமே தொடங்குவதாக ஏற்பாடு. வேதசாட்சி ஒருவரைச் சிறைபிடித்துச் சிரச்சேதம் செய்யும் கொடுங்கோல் அரசனின் கதை. அரசனாக ஆட, குரலுக்குப் பேர்போன மீன்பிடிகாரன் கனிசியஸைப் பாசையூரிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள்.

கூத்தன்று காலை கனிசியஸ் டிஸ்பென்சரிக்கு வந்தான். முதல்நாள் ஒத்திகையில் பூசிய முகப்பூச்சு அவன் கன்னத்தைச் சுட்டுச் சிவக்க வைத்திருந்தது. டொக்டர் மஞ்சள் குளிசை எழுதினார்.

"இரவு சாப்பிட்டாப் பிறகு ஒண்டு போடுங்கோ அண்ணை. கூத்து முடியமுன்னம் போடாதேங்கோ, நித்திரை வரும்" என்றாள் யோசப்பின்.

கனிசியஸ் யன்னல் பலகையில் விரலால் தட்டிக்கொண்டு, ஏதோ ஒரு மெட்டை மூக்கால் முனகிக்கொண்டு, "ஓம், ஓம்" என்றான்.

"உந்த முகப்பூச்சையும் இண்டைக்குப் பூசாதேங்கோ."

அது மட்டும் அவனுக்குக் கேட்டது. "ராசா பூச்சில்லாமல் வந்தால் சனம் சேவகன் எண்டெல்லோ நினைக்கும்!"

பின்னேரம் பூசினான். திரைக்குப் பின்னாலேயே கடி தொடங்கிவிட்டது. ஒரு குளிசை போட்டான். கடி அடங்காததைப் பார்த்து இன்னொன்றும் போட்டான். பிறகு மத்தளம் முழங்க, முடியும் வாளுமாகச் சபைக்கு வந்து, கரையே அதிரப் பாடினான். சனம் விசிலடித்தது. சிம்மாசனத்தில் போய் அமர்ந்தான். வேதசாட்சியைச் சங்கிலியால் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேதசாட்சி தன் கடைசிப் பாட்டை உருக்கமாகப் பாடி முடித்துத் தலையைக் குனிந்தார். இனி அரசன் எழும்பி, "வெட்டடா!" என்று கர்ச்சிக்க வேண்டும்.

அரசன் எழும்பவில்லை.

கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் கிறகோரி கண்ணைக் காட்ட, வேதசாட்சி அதே பாட்டை மறுபடியும் பாடினார். அரசனின் வாய் மெல்லத் திறந்து, முடி ஒரு பக்கம் சரிந்தது. வேதசாட்சி மூன்றாம் தரமும் பாடினார். இப்போது உருக்கம் போய்க் கோபம் வந்திருந்தது. கடைசியில் அவரே சங்கிலியை இழுத்துக்கொண்டு சிம்மாசனத்தடிக்குப் போய், "மன்னா, தயவு செய்து என்னை வெட்டச் சொல்லும்!" என்றார்.

கனிசியஸ் திடுக்கிட்டு எழும்பி, "ஆரடா வலையை விட்டது? இழு, இழு!" என்று கத்தினான்.

சனம் நிலத்தில் விழுந்து புரண்டு சிரித்தது. முன்வரிசையில் இருந்த சுவாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். வேதசாட்சி அன்று சாகவே இல்லை.

மறுநாள் காலை கனிசியஸ் யன்னலடிக்குச் சண்டைக்கு வந்தான். கன்னம் இரண்டும் இன்னும் சிவப்பாய்த்தான் இருந்தன.

"நீர் என்ன குளிசை தந்தனீர்? என்ரை மானம் மரியாதை எல்லாம் போச்சு!"

"நித்திரை வரும் எண்டு சொன்னனான்தானே அண்ணை?"

"எனக்குக் கேக்கேல்லை."

"ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்களே!"

"அது உமக்குச் சொன்ன ஓம் இல்லை. பாட்டுக்குப் போட்ட தாளம்!"

யோசப்பின் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் வாங்குப் பலகையில் குந்தினாள். டொக்டர் வெளியே வந்து என்னவென்று கேட்டார், கேட்டுவிட்டு அவரும் குந்தினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சண்டைக்கு வந்தவன் கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டு நின்றான். பிறகு அவனுக்கும் வாய் கோணியது.

சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைக்கும்போதுதான் யோசப்பினுக்கு ஒன்று பிடிபட்டது. இத்தனை காலமும் இந்த யன்னலில் அவள் கேட்ட "ஓம்" எல்லாம் வெறும் தாளம்தான். அன்றிலிருந்து சட்டத்தை மாற்றினாள். தான் சொன்னதை, மருந்து வாங்குகிறவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை குளிசை அவள் கையை விட்டு இறங்காது.

"முதல் நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்" என்றாள் கனிசியஸிடம்.

கனிசியஸ் சுற்றிப் பார்த்தான். வரிசை காத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல்நாள் பாதியில் நின்றுபோன அரசன் மெட்டிலேயே எடுத்துவிட்டான்: இரவிலே ஒன்று, உணவுக்குப் பின்பு, வள்ளமும் வேண்டாம், வாகனம் வேண்டாம், கள்ளினைக் கண்ணாலும் பாரேன், பாரேன். வரிசை கை தட்டியது. குளிசை கிடைத்தது.

அதற்குப் பிறகு கனிசியஸுக்கு அடிக்கடி கடி வந்தது. முழங்கையில் கடிக்குது என்பான். பார்த்தால் ஒன்றும் இருக்காது. முகப்பூச்சை நேரே முகத்தில் பூசாமல், கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் விட்டுப் பார்க்கும்படி யோசப்பின் சொல்லிக்கொடுத்தாள். அவன் கூத்துப் பெட்டியில் இருந்த அத்தனை பூச்சையும் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து காட்டினான். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் சிவப்புப் பூச்சுத்தான் குற்றவாளி என்று தெரிந்தது. அதைக் கடலில் எறிந்தார்கள். இனி வருவதற்குக் காரணம் இல்லை.

அடுத்த நாளும் வந்தான்.

"இண்டைக்கு என்ன அண்ணை?"

"உந்த 'அண்ணை'யை நிப்பாட்டும். எனக்கு அது ஆகாது" என்றான் கனிசியஸ்.

யோசப்பினின் காது வரை சிவந்தது. அதற்குக் குளிசை இல்லை.

இரண்டு வீட்டாரும் கதைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் பாசையூருக்குச் சாப்பிட வருவது என்று முடிவாயிற்று. கனிசியஸின் தாய் மரியநாயகி காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ் காய்ச்சுவதில் கெட்டிக்காரி. நண்டும் இறாலும் மீனும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் போட்டு, புளியும் உறைப்பும் ஏற அவள் காய்ச்சினால் ஒழுங்கை முழுக்க மணக்கும். அந்த மணம் படலையடியிலேயே யோசப்பினின் மூக்கில் ஏறியது.

லூர்த்தம்மா மகளின் கையைக் கிள்ளினாள். "வாயைத் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதை. முதல் ஒரு மஞ்சள் குளிசையைப் போட்டிட்டுக் கொஞ்சமாய்க் குடி."

"அம்மா, குளிசை கடியைத்தான் குறைக்கும். தொண்டை வீங்கினால் அதை நம்பி இருக்கேலாது. குளிசையைப் பிழையாய்ப் போடாதேங்கோ எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு நானே அதைச் செய்யிறதோ?"

பனையோலையில் மடித்த பிளாவில் கூழ் சுற்றி வந்தது. தன் முறை வந்ததும் யோசப்பின் எழும்பி நின்றாள். "மாமி, குறை நினையாதேங்கோ. எனக்கு இறாலும் நண்டும் ஆகாது. சின்னனிலை இருந்தே ஒத்துக்கொள்ளாது" என்றாள்.

எல்லாருடைய உறிஞ்சலும் நின்றது. லூர்த்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இறால் ஆகாதோ? யாகோப்பு அண்ணையின்ரை மகளுக்கோ?" என்றாள் மரியநாயகி. அவள் முகத்தில் வந்தது கோபமல்ல, இரக்கம். "ஐயோ பாவம் பிள்ளை. அதுக்கென்ன, நீ இரு."

குசினிக்குள் போனாள். நல்ல மனசோடு, அகப்பையில் வந்த இறால், நண்டுத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்து, வடித்துக்கூட எடுத்து, ஒரு பிளா நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். "ஒரு இறாலும் இல்லை. என்ரை கண்ணாலை பார்த்துப் பார்த்து எடுத்தனான்."

வேறாகக் காய்ச்சியதா என்று கேட்க யோசப்பினுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஒரு தரம் மறுத்தாயிற்று, இரண்டாம் தரமும் கேள்வி கேட்பதா என்று கூச்சப்பட்டாள். அந்தக் கூச்சத்தோடு இரண்டு மிடறு குடித்தாள். உதட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிளாவைக் கீழே வைத்தாள்.

"மாமி, இது அதே பானையோ?"

"ஓம் பிள்ளை, வேறை பானை எங்கை?"

"அப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். இப்பவே."

கனிசியஸ் சைக்கிளை எடுத்தான். அவளை முன் பாரில் இருத்தி மிதித்தான். மிதிக்கும்போது குனிந்து பார்த்தால், ஒவ்வொரு சந்திக்கும் அவள் முகம் வேறு முகமாய் இருந்தது. கதைக்க முடியாமல் நாக்குத் தடிக்க, அவள் மணியைப் பிடித்து விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். பின்னால் மரியநாயகி கையில் அகப்பையோடு, "நில்லடா, நானும் வாறன்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் லூர்த்தம்மா, அவளுக்குப் பின்னால் யாகோப்பு. தெருவில் நின்றவர்களுக்கு விசயம் வேறு விதமாய் விளங்கியது.

"கனிசியஸ் பெட்டையைக் கூட்டிக்கொண்டு ஓடுறான்! தாய் அகப்பையோடை துரத்துறா!"

"ஓடடா தம்பி, விடாதை!" என்று சிலர் அவன் பக்கம் நின்று கை தட்டினார்கள். மற்றவர்கள் மரியநாயகியின் பக்கம் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டல் இறங்கியது, கண் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தன. திரும்பவும் வீங்கினாலும் வீங்கும், அன்றைக்கு வார்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கனிசியஸ் கட்டிலடியில் வியர்வையில் நனைந்து நின்றான்.

"இப்ப என்ன செய்யுது?"

"நெஞ்சு அடிக்குது" என்றாள் யோசப்பின். "ஊசியாலையோ உங்களாலையோ தெரியேல்லை."

மரியநாயகி அகப்பையை இன்னும் கையில் பிடித்தபடி அழுதாள். "நான் பொறுக்கி எடுத்தனானே பிள்ளை! ஒண்டும் இல்லையே அதுக்கை!"

"இறாலை எடுத்தாலும் அதின்ரை சாறு கூழுக்கை நிக்கும் மாமி. அகப்பையிலை ஒட்டின துளியே எனக்குக் காணும். உங்களிலை பிழையில்லை. நான்தான் பானையைக் கேட்டிருக்க வேணும்."

மரியநாயகி அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ பாம்பைப் பார்ப்பது போல.

கலியாணத்துக்கு முன்பே அந்த வீட்டுக்குப் புதுப் பானை, புது அகப்பை, புதுச் சட்டி எல்லாம் வந்துவிட்டன. அவற்றுக்குத் தனிச் சுவர், தனி ஆணி. கலியாண விருந்தில் மரியநாயகி பெண்ணின் பானைக்கு முன்னால் காவல் நின்று, கிட்ட வந்தவர்களையெல்லாம் அதட்டினாள். "அந்தக் கரண்டியை இஞ்சை கொண்டுவராதை! பானை வேறை, அகப்பை வேறை! கையைக் கழுவினியோ?" மாப்பிள்ளையையே இரண்டு தரம் கை கழுவ அனுப்பினாள்.

காலம் போகப் போகச் சண்டை முற்றிக் கரண்ட் நின்றது, கடலில் இறங்கத் தடை வந்தது, மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. இருக்கிற கொஞ்சக் குளிசையையும் சனம் பிழையாய்ப் போட்டால் என்ன செய்வது என்று டொக்டர் கிறிஸ்துநாயகம் கவலைப்பட்டார். ஒரு நாள் யோசப்பினைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் இத்தனை வருசமாய்ச் சொன்னதை விட, உம்முடைய மனுசன் சிம்மாசனத்திலை நித்திரை கொண்டதுதான் சனத்துக்கு ஞாபகம். அதையே கூத்தாய்ப் போட்டால் என்ன?"

வள்ளம் கரையில் கிடக்கச் சும்மா இருந்த கனிசியஸ் துள்ளி எழும்பினான். கிறகோரி அண்ணாவியார் மெட்டுப் போட்டார். நித்திரை கொள்ளும் அரசன், கூழ் குடித்த இளவரசி, அகப்பையோடு துரத்தும் மாமி. மாமி வேசத்துக்கு ஆணொருவரைப் போடுவதாக இருந்தது. மரியநாயகி விடவில்லை. "என்ரை ஓட்டத்தை வேறை ஆர் ஓடுறது?" என்று கேட்டுக்கொண்டு ஒத்திகைக்கு அகப்பையோடு வந்துவிட்டாள்.

கோயில் கோயிலாய்ப் போட்டார்கள். தொண்ணூற்றிரண்டில் நீர்வேலி வாசிகசாலைக்காரர் கேட்டு, வாழைத்தோட்டத்துக்கு நடுவே ஒரு பின்னேரம் போட்டார்கள். மரியநாயகி ஓடிவரும்போது சனம் எழும்பி வழிவிட்டது. கூத்து முடிந்ததும் யோசப்பின் முன்னுக்கு வந்து, "உங்களுக்கு என்ன ஆகாது? வெக்கப்படாமல் சொல்லுங்கோ" என்றாள்.

ஒருவரும் வெட்கப்படவில்லை. "எனக்குக் கத்தரிக்காய்!" "எனக்குச் சூரை மீன்!" "எனக்கு எங்கடை மச்சாள்!" ஒரே ஆரவாரம். யோசப்பினுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போது பஞ்சலிங்கம் என்ற தோட்டக்காரர், வாழைக்குலையை ஒற்றைக் கையால் தூக்குகிற ஆள், மெல்லக் கிட்ட வந்து காதோடு சொன்னார்.

"தங்கச்சி, எனக்கு ஒருக்கா ஊசி போட்டவை. உடனை தேகமெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி விழுந்திட்டன்."

"என்ன ஊசி அண்ணை?"

மனைவி பத்மாவதிதான் சொன்னாள். "தொண்டை நோவுக்குப் போட்ட பெனிசிலின். அந்த டொக்டரே இனிப் போடாதேங்கோ எண்டவர். இவர் ஆருக்கும் சொல்லமாட்டார்."

"ஏன் அண்ணை?"

"ஊசிக்குப் பயந்தவன் எண்டு பகிடி பண்ணுவாங்கள்."

யோசப்பினின் சிரிப்பு நின்றது. அவரைக் கையில் பிடித்து மேடைக்கு ஏற்றினாள். "இவருக்குப் பெனிசிலின் ஆகாது. அடுத்த தரம் போட்டால் உயிருக்கு ஆபத்து. வருத்தம் கடுமையாகி இவருக்கே சொல்ல ஏலாமல் போகலாம். அப்ப நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றாள். கிறகோரி கண்ணைக் காட்ட மத்தளம் முழங்கியது. கனிசியஸ் எடுத்துக்கொடுத்தான்: "பஞ்சலிங்கத்துக்குப் பெனிசிலின் ஆகாது, ஆகாது!" சனம் திருப்பிப் பாடியது. பஞ்சலிங்கம் முதலில் கூச்சப்பட்டார், பிறகு அவரே அடி வைத்து ஆடினார். அன்றிலிருந்து நீர்வேலியில் தண்ணீர் இறைக்கிறவரும் அந்தப் பாட்டு, குலை வெட்டுகிறவரும் அந்தப் பாட்டு.

மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள் பத்மாவதி ஒரு வாழைக்குலையோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். யன்னலடியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுப்பதும், சிரிப்பு வந்து நிறுத்துவதுமாய் இருந்தாள். வரிசையில் நின்றவர்கள் தண்ணீர் கொடுத்து இருத்தினார்கள்.

பஞ்சலிங்கத்தின் காலில் மண்வெட்டி பட்டுக் காயம் சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிவிட்டாராம். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். ஊரில் பாதிப் பேர் கூடவே ஏறிவிட்டார்களாம். தாதி கிட்ட வந்து, "இவருக்கு ஏதும் மருந்து..." என்று கேள்வியைத் தொடங்கினாளோ இல்லையோ, பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் பாட்டாய் எடுத்துவிட்டார்களாம். யாரோ கட்டிலின் இரும்பில் தாளமும் போட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பிள்ளை பயந்து போச்சுது. 'விளங்கிச்சு, விளங்கிச்சு, வேறை மருந்து போடுறம், பாட்டை நிப்பாட்டுங்கோ' எண்டுது. உவையள் விட்டால்தானே! அடியைப் பாதியிலை விடக்கூடாதெண்டு முழுக்கப் பாடி முடிச்சிட்டுத்தான் வெளியிலை வந்தவை."

"அண்ணை இப்ப எப்பிடி?"

"காய்ச்சல் விட்டிட்டுது. காலும் ஆறுது. வார்ட்டிலை இருக்கிற மற்ற ஆக்களுக்கு உங்கடை கூத்தை ஆடிக் காட்டுறாராம். தாதிமார் எப்ப வீட்டை அனுப்புவம் எண்டு பார்த்துக்கொண்டிருக்கினம்."

யோசப்பின் வாங்கில் குந்திவிட்டாள். அவள் சிரிப்பைக் கேட்டுப் பஸ் தரிப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வரிசையில் நின்றவர்களுக்கு மருந்து கிடைக்க வெகுநேரம் ஆனது. ஒருவரும் குறை சொல்லவில்லை. வாழைப்பழம் ஆளுக்கொன்று கிடைத்தது, அதுவும் யோசப்பின், "வாழைப்பழம் ஆகாத ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்ட பிறகுதான்.